நூலுரிமை: முதுசமோ, தவணையுரிமையோ?

நிலம், மனை, நகை, கால்நடை ஆகிய பொருள்களைக் குறித்து எழும் வழக்குகளைத் தீர்த்தற்கு யாழ்ப்பாணத்தவரிடையே நெடுங்காலமாக முறைகள் வழங்கி வந்துள்ளன. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராலே தொகுக்கப்பெற்ற தேசவழமை, பொருளை முதுசம் என்றும் சீதனம் என்றும் தேடியதேட்டம் என்றும் பகுத்து, இன்னது இன்னாரைச் சாரும் என வரையறுத்துரைக்கின்றது. ஆயின், ஒருவன் தன் அறிவைக் கொண்டு ஆக்கிய நூல் இவற்றுள் எவ்வகையின்பாற்படும்? அது அவனுடைய தேடியதேட்டமே எனின், அவனுக்குப்பின் மக்களுக்கு முதுசமாகி, அவர்தம் மக்களுக்கும் முதுசமாகி, என்றென்றும் அக்குடிக்கே உரியதாய் நிற்குமோ? அன்றி, ஒரு காலவெல்லைக்குப் பின்னர் ஊர்ப்பொதுவாகிவிடுமோ? இவ்வினாவை எழுப்பவேண்டிய தேவை ஐசாக்சுக்கு இருக்கவில்லை. செல்லரித்தும் ஒடிந்தும் அழியும் இயல்பினவாகிய ஓலைச்சுவடிகளைப் பொறுத்தவரை, படியெடுத்தலே நூலைக் காத்தற்குரிய வழியாய் இருந்தது.

தேசவழமை தொகுக்கப்பெற்று மூன்றாண்டு கழிந்தபின், 1710 ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே ஆன் அரசியாரின் சட்டம் எனப்படும் முதற் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் மேற்கூறிய வினாவுக்கு விடை கூறிற்றா இல்லையா என்பது பற்றி அந்நாட்டிலே அறுபத்துநான்கு ஆண்டுகளாக வழக்காடினர். அவ்வழக்கின் வரலாற்றையும், அதன் தீர்ப்பு இற்றைநாட் கணினிச் செய்நிரல் வரையும் எங்ஙனம் தொடர்ந்து வருகின்றது என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

இலண்டன் மாநகரத்து அச்சுத் தொழிலாளரும் நூல் வணிகரும் சேர்ந்தமைத்த குழுவுக்கு 1557 ஆம் ஆண்டிலே மேரி அரசியார் பட்டயம் வழங்கினார். அரசுக்கும் சமயத்துக்கும் ஒவ்வாத நூல்கள் பரவாமற் காத்தல் அரசின் நோக்கம். அச்சுத்தொழிலைத் தம் கைக்குள் வைத்திருத்தல் குழுவினரின் நோக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாயின. குழுவின் பதிவேட்டிலே ஒரு நூலின் பெயரை எவர் முதலிற் பதிந்தாரோ அவரன்றிப் பிறர் அந்நூலை அச்சிடுதல் தகாது என்பது விதி. இவ்விதியால் உரிமை பெற்றவர் வணிகரேயன்றி நூலாசிரியரல்லர் என்பது கருதற்பாலது.

மில்றன் என்னும் பெரும்புலவரின் கதை இதற்குத் தக்க சான்றாகும். கண்ணொளி இழந்த நிலையிலே அவர் இயற்றிய 'இழந்த சுவர்க்கம்' என்னும் காப்பியத்தை 1667 ஆம் ஆண்டிலே சாமுவேல் சிமன்ஸ் என்னும் அச்சகத்தார் விலைக்கு வாங்கினார். உடன்படிக்கை செய்தவுடன் 5 பவுண். முதற்பதிப்பில் 1300 படிகள் விற்றபின் மேலும் 5 பவுண். மில்றன் தம் வாழ்நாளிலே பெற்றது இந்தப் 10 பவுண் மாத்திரமே. அவர் இறந்தபின் அவருடைய மனைவியார் 8 பவுணைப் பெற்றுக்கொண்டு எஞ்சிய உரிமை யாவற்றையும் விட்டுக்கொடுத்தார். பின்னர் அவ்வுரிமை யேக்கப் ரொன்சன் என்னும் வணிகர் கைப்பட்டு, அக்குடும்பத்தாருக்கு இரண்டு மூன்று தலைமுறைக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. நூலாசிரியரின் மனைவி மக்களைக் காத்தற்பொருட்டே நிலையான உரிமை வேண்டும் என்று பிற்காலத்தில் வணிகர் வாதிட்டபோது, அதனைக் கேட்டோருட் சிலர்க்கேனும் இந்த 8 பவுண் நினைவுக்கு வந்திருத்தல் வேண்டும்.

நூல்களுக்கு முன்னனுமதி பெறவேண்டும் என விதித்த 1662 ஆம் ஆண்டுச் சட்டம் 1695 இலே காலாவதியாயிற்று. பாராளுமன்றம் அதனைப் புதுப்பிக்க மறுத்தது. குழுவினரின் வேலி ஒரே நாளிற் சாய்ந்தது. பலமுறை மனுச் செய்தும் பழைய சட்டத்தை மீட்க இயலாமையாற் போலும், வணிகர் தம் குரலை மாற்றி, கற்றோரும் நூலாசிரியரும் படும் துன்பத்தை எடுத்தோதத் தொடங்கினர். அதன் பயனாகப் பிறந்ததே ஆன் அரசியாரின் சட்டம். கல்வியை ஊக்குவித்தற்கான சட்டம் என்பது அதன் தலைப்பிற் காணப்படுவது. புதிய நூலின் உரிமை அதன் ஆசிரியர்க்கே என்று அது முதன்முதலாக உரைத்தது. ஆயின் அவ்வுரிமை 14 ஆண்டுக்கே உரியது; அத்தவணை முடிவில் ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு. சட்டத்துக்கு முன்னரே வெளிவந்த நூல்களுக்கு 21 ஆண்டு. நூல்நிலையங்களுக்கென ஒன்பது படிகள் கொடுத்தல் வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. விலை கொடுத்து வாங்க இயலாத மாணாக்கனை அக்காலத்துச் சட்டமியற்றுவோர் மறந்தாரல்லர்.

21 ஆண்டு 1731 இலே முடிந்தது. சேக்ஸ்பியர், மில்றன் முதலியோரின் நூல்கள் எவரும் அச்சிடத்தக்க பொதுப்பொருளாயின என்றே சட்டத்தைப் படித்தோர் கருதுவர். இலண்டன் வணிகர் அங்ஙனம் கருதவில்லை. ஒரு நூலின் உரிமையைப் பல பங்குகளாக்கித் தமக்குள்ளேயே ஏலத்தில் விற்றும் வாங்கியும் வந்தனர். எம்மூரிலே ஒரு கிணற்றிற் பல பங்கு இருத்தல் போல. சட்டம் கூறும் தவணை, தண்டம் விதித்தற்கு மாத்திரமே உரியது. அதற்கு அடியிலே பொதுச்சட்டத்தின்படி நூலாசிரியருக்கு முடிவில்லாத உரிமை ஒன்று உண்டு. அவ்வுரிமையை யாம் விலைக்கு வாங்கினோம் என்பது அவர்தம் வாதம். நீதிமன்றங்களிலே இடைக்காலத் தடையுத்தரவுகளைப் பெற்று நெடுங்காலம் தம் நிலையைக் காத்துக்கொண்டனர்.

இவ்வாதத்தை உடைத்தவர் எடின்பரோ நகரத்து அலெக்சாந்தர் டொனால்ட்சன் என்னும் நூல் வணிகராவர். ஸ்கொத்லாந்திலே அச்சிட்ட மலிவுப் பதிப்புகளை 1763 ஆம் ஆண்டிலே இலண்டனுக்கே கொண்டுவந்து, அங்கொரு கடை திறந்து, ஏனையோர் விலையினும் மிகக் குறைத்து விற்றார். தவணை கடந்த நூல்களையே யான் அச்சிடுகின்றேன் என்பது அவர் கூற்று. இலண்டன் வணிகரோ அவரைக் கள்வர் என்றே அழைத்தனர்.

வழக்குக்குப் பொருளாய் அமைந்த நூல் ஜேம்ஸ் தொம்சன் இயற்றிய 'பருவங்கள்' என்னும் செய்யுணூல். தொம்சன் 1748 இல் இறந்தார். அந்நூலுக்குச் சட்டம் அளித்த இரு தவணைகளும் 1750 களின் பிற்பகுதியிலே முடிந்துவிட்டன. பெர்விக் நகரத்து றொபேட் ரெயிலர் என்பவர் அதனை அச்சிட, உரிமையை வாங்கியிருந்த அன்றூ மில்லர் வழக்குத் தொடுத்தார். பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபுவும் உடனிருந்த நீதியரசர் இருவரும் 1769 ஆம் ஆண்டிலே மில்லரின் பக்கம் தீர்ப்பளித்தனர்: நூலாசிரியரின் உரிமை முடிவில்லாதது. தீர்ப்பைக் கேட்க மில்லர் உயிரோடிருக்கவில்லை. நீதியரசர் யேற்ஸ் என்பவர் ஒருவரே மாறுபட்டார். கருத்து என்பது வெளியிடப்பெற்றபின் பிடித்து வைத்தற்கு அரிது. எல்லை குறிக்க இயலாத பொருளைத் தனியுடைமை என எங்ஙனம் கூறுவது என்று அவர் வினாவினார். அரிய இயந்திரத்தைப் புனைந்தவனுக்கு 14 ஆண்டுத் தனியுரிமை போதும் என்னும் சட்டம், நூல் புனைந்தவனுக்கு மாத்திரம் ஊழிக்காலம் வரை ஏன் அளித்தல் வேண்டும் என்பதும் அவர் பக்கத்து நியாயமாகும்.

மில்லரின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது, தோமஸ் பெக்கெற்றும் அவர் கூட்டாளிகளும் தொம்சனின் கவிதையுரிமையை 505 பவுண் கொடுத்து வாங்கினர். மில்றன் பெற்ற 10 பவுணோடு இதனை ஒப்புநோக்குக. டொனால்ட்சன் அந்நூலை அஞ்சாது அச்சிட, பெக்கெற் 1772 ஆம் ஆண்டிலே தடையுத்தரவு பெற்றார். டொனால்ட்சன் பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்தார். இதற்கிடையே, 1773 ஆம் ஆண்டிலே, எடின்பரோவின் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கிலே, நிலையான நூலுரிமை என ஒன்று ஸ்கொத்லாந்துச் சட்டத்தில் இல்லை என்று தீர்த்திருந்தது. அவ்வழக்கிலே டொனால்ட்சனுக்காகத் தோன்றிய வழக்குரைஞருள் ஒருவர் ஜேம்ஸ் பொஸ்வெல். டாக்டர் ஜோன்சனின் வரலாற்றை எழுதிப் பிற்காலத்திற் புகழெய்திய அவரே.

1774 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே பிரபுக்கள் சபை இவ்வழக்கை விசாரித்தது. நீதியரசர் பதினொருவர் தம் கருத்தை ஒவ்வொருவராக உரைத்தனர். முன்னர்த் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்ட் பிரபு வாய் திறந்தாரல்லர். நீதியரசருட் பெரும்பாலோர் பொதுச்சட்ட உரிமை ஒன்று இருந்தது என்றே கருதினர். சட்டம் இயற்றப்பெற்ற பின்னரும் அது நிலைத்ததா என்பதிலே பிளவுபட்டனர். அவ்வெண்ணிக்கை பற்றி ஏடுகள் ஒன்றோடொன்று முரணுகின்றன. நீதியரசர் நேர்ஸ் கூறியதை எழுத்தர் பிழைபடப் பதிந்தார் என்று கருதும் அறிஞரும் உளர். ஆயின் முடிவு செய்தவர் பிரபுக்களே. கம்டன் பிரபு நிலையான உரிமைக்கு மாறாக ஆற்றிய உரை சபையைக் கவர்ந்தது. அறிவு யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும். முடிவில்லா உரிமை அளிப்பின் கல்வி முழுவதும் இலண்டன் வணிகரின் பெட்டகத்துட் பூட்டப்படும் என்றார். மெய்யான புலவர் புகழுக்கன்றிப் பொருளுக்கு எழுதார் என்றும் அவர் சேர்த்துரைத்தார். பிரபு ஒருவர் அங்ஙனம் உரைத்தல் எளிது. எழுதுகோலாற் பிழைப்பவன் அதனை ஏற்பானா என்பது வேறு.

பெப்ருவரி 22 ஆம் நாள் தடையுத்தரவு நீக்கப்பட்டது. சட்டம் கூறிய தவணையே தவணை; அதன்பின் நூல் யாவர்க்கும் உரியது. எடின்பரோ நகரிலே தீமூட்டியும் விளக்கேற்றியும் மக்கள் கொண்டாடினர் எனப் பத்திரிகைகள் எழுதின. இலண்டன் வணிகர் பாராளுமன்றத்தை அணுகிப் புதுச்சட்டம் வேண்டினர். பொதுமக்கள் சபை இசைந்தும் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது.

இதன் பயனை நூற்கடைகளிலே காணலாயிற்று. ஜோன் பெல் என்பவர் 1777 தொடங்கி ஆங்கிலப் புலவர்தம் நூல்களை 109 சிறு தொகுதிகளாக, தொகுதியொன்று 1 சிலிங் 6 பென்ஸ் வீதம் வெளியிட்டார். அவரோடு போட்டியிடக் கருதிய இலண்டன் வணிகர் தாமும் ஒரு வரிசையைத் தொடங்கி, ஒவ்வொரு புலவர்க்கும் முன்னுரை எழுதித் தருமாறு ஜோன்சனை வேண்ட, அவர் 200 கினி கேட்டார். அம்முன்னுரைகளே 'புலவர் வரலாறுகள்' என இன்றும் பயிலப்படுகின்றன. உரிமை ஒழிந்தவுடன் வணிகர், புதிதாக ஏதேனும் சேர்த்தே விற்கவேண்டியவராயினர். எனினும் இலண்டன் வணிகர் அனைவரையும் பொருளாசை கொண்டோர் என இகழ்தல் நேரிதன்று. பீல்டிங் என்பவரின் 'தொம் ஜோன்ஸ்' என்னும் புதினத்துக்கு 600 பவுண் பேசி, அது நன்கு விற்றமை கண்டு மேலும் 100 பவுண் தாமாகவே கொடுத்தவர் அந்த மில்லரே. ஜோன்சனின் அகராதிக்கு ஆண்டுக்கணக்காகப் பொருளுதவியோரும் அவ்வணிகரே.

அடுத்த நூற்றாண்டின் செய்தியைச் சுருங்கக் கூறலாம். தவணை மெல்ல மெல்ல நீண்டது. ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுவரை உரிமை வேண்டும் என ரல்போட் என்பவர் மசோதா கொணர, 1841 இலே மக்கோலே அதனை எதிர்த்துப் பேசினார். பதிப்புரிமை என்பது எழுதுவோர்க்கு ஊதியம் அளித்தற்பொருட்டுப் படிப்போர்மீது விதிக்கப்படும் வரி; வரி தேவையே, ஆயின் நோக்கத்துக்கு வேண்டிய அளவின் ஒருநாளும் மிகுதல் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். வழித்தோன்றல்கள் நூலை மறைத்துவிடவும் கூடும் என்றார்; தந்தை எழுதிய ஜோன்சன் வரலாற்றைப் பொஸ்வெலின் மூத்த மகனார் குடும்பத்துக்கு இழுக்காகக் கருதினார் என்பதை எடுத்துக்காட்டினார். மசோதா வீழ்ந்தது. ஆயினும் 1842 இல் 42 ஆண்டு அல்லது வாழ்நாளோடு 7 ஆண்டு எனவும், 1911 இல் வாழ்நாளோடு 50 ஆண்டு எனவும் தவணை நீண்டது. இலங்கையிலும் வழக்கிலிருந்தது அந்த 1911 ஆம் ஆண்டுச் சட்டமே. 1979 இல் அதன் இடத்தை இலங்கைப் பாராளுமன்றத்தின் சட்டம் பெற்றது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தவணையை வாழ்நாளோடு 70 ஆண்டாக்கியுள்ளது. இந்தியாவிலே அது 60 ஆண்டு. தாகூரின் நூல்கள் பொதுவாகவிருந்த வேளையிலே பத்தாண்டு கூட்டப்பட்டது.

இனி, கணினிச் செய்நிரல் பற்றிச் சிறிது கூறவேண்டும். தொடக்கத்திலே செய்நிரல் இயந்திரத்தோடு இணைந்தே வந்தது. தனி விலை இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1969 ஆம் ஆண்டிலே இரண்டையும் பிரித்து விற்கப்போவதாக அறிவித்தது. 1976 ஆம் ஆண்டிலே பில் கேற்ஸ் என்னும் இளைஞர், தம் செய்நிரலை விலைகொடாது படியெடுப்போரைக் கடிந்து பகிரங்கக் கடிதம் ஒன்று வரைந்தார். ரொன்சனின் குரலும் டொனால்ட்சன்மீது எழுந்த பழியும் அதிலே மீண்டும் கேட்கின்றன. ஐக்கிய அமெரிக்கா 1980 இலே செய்நிரலையும் பதிப்புரிமைச் சட்டத்துள் வெளிப்படையாக அடக்கிற்று.

இதற்கு எதிர்நிலை எடுத்தவர் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து றிச்சாட் ஸ்ரோல்மன். தம் ஆய்வுகூடத்து அச்சுப்பொறியின் செய்நிரலைத் திருத்த முற்பட்டபோது, அதன் மூலநிரல் மறுக்கப்பட்டமை அவர் உள்ளத்தை உறுத்திற்று. 1983 இலே எவரும் படித்துத் திருத்திப் பகிரத்தக்க செய்நிரற்றொகுதி ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அவர் ஆக்கிய செய்நிரல்களினும் 1989 இலே வெளியிட்ட பொதுமக்கள் உரிமமே வரலாற்றுச் சிறப்புடையது என்பது எம் கருத்து. நூலைப் பொதுவாக்க விரும்புவோன் உரிமையைத் துறந்துவிடலாம். ஆயின் அதனை எடுத்துச் சிறிது திருத்திய மற்றொருவன் தன் பங்கைச் சுற்றி வேலியடைத்தல் கூடும். ஆதலின் ஸ்ரோல்மன் உரிமையைத் துறவாது தம் கையில் வைத்துக்கொண்டு, அதனையே நிபந்தனையாக்கினார்: எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம், ஆயின் பிறர்க்குக் கொடுக்கும்போது மூலநிரலோடு, இதே உரிமைகளை அவர்க்கும் அளித்தல் வேண்டும். எம் நாட்டு உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் காணியோடு கூடவே செல்லுமாறு எழுதப்படுவதை அறிந்தோர்க்கு இதனை விளங்குதல் அரிதன்று. காணி எத்தனை கைமாறினும் வழியை மறித்தல் இயலாது.

இது வெறும் நல்லெண்ணமா, நீதிமன்றத்தில் நிற்குமா என ஐயுற்றோர் பலர். 2004 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம் இவ்வுரிமத்தை மீறியவர்க்கு எதிராகத் தடையுத்தரவை உறுதிசெய்தது. லைனஸ் ரோவால்ட்ஸ் 1991 இலே தொடங்கிய லினக்ஸ் இவ்வுரிமத்தின் கீழேயே வளர்ந்தது. நூல், இசை, ஒளிப்படம் ஆகியவற்றுக்கும் இம்முறையை விரித்து, 2002 ஆம் ஆண்டு டிசெம்பரிலே படைப்பாக்கப் பொதும உரிமங்கள் வெளிவந்தன. அமெரிக்கா 1998 இலே மேலும் 20 ஆண்டு தவணையை நீட்டியமையும், அதனை எதிர்த்து எரிக் எல்ட்றெட் தொடுத்த வழக்கு 2003 இலே உயர் நீதிமன்றத்திற் தோற்றமையும் அக்காலத்தன. சட்டம் தவணையைக் குறைக்காது எனத் தெரிந்தபின், ஆசிரியர் தாமே முன்வந்து வழி திறத்தல் ஒன்றே எஞ்சிற்று.

தமிழுலகிலே இவ்வழியை அரசு திறந்த செய்தியும் உண்டு. 1921 இல் மறைந்த பாரதியாரின் பாடல்களைப் படத்திற் பயன்படுத்தும் உரிமை பட முதலாளி ஒருவரிடம் இருந்தமை 1940 களிலே பெருங்கிளர்ச்சிக்கு ஏதுவாயிற்று. சென்னை அரசு 1949 இலே அவர் குடும்பத்தாரிடமிருந்து உரிமையைப் பெற்று, சில ஆண்டின்பின் மக்களுக்கே உரிமையாக்கிற்று. அதன்பின் எத்தனையோ நூலாசிரியரின் நூல்கள் தமிழ்நாட்டில் நாட்டுடைமையாயின. வழித்தோன்றல்களுக்குப் பரிவுத்தொகையும் வழங்கப்பட்டது.

இலங்கைத் தமிழ் நூல்களின் நிலை இதனின் வேறானது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தீக்கிரையான யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன. அவற்றுட் சில நூல்களின் வேறு படிகள் தனியார் வீடுகளிலே மாத்திரம் எஞ்சின. அவ்வீடுகளும் பின்வந்த போர்க்காலத்திலே இடம்பெயர்ந்தன. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூல் நிலையம், எஞ்சியவற்றைப் படியெடுத்து யாவரும் படிக்க வைத்து வருகின்றது. அழிந்த படிக்கு ஈடாக நூலகம் படியெடுத்தற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனைகளோடு இடமளிக்கின்றது. ஆயின் உலகறிய வெளியிடுதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். 1955 இலே நூலொன்றை வெளியிட்டு 1985 இலே மறைந்த ஓர் ஆசிரியரை எண்ணுக. அவர் நூலின் உரிமை 2055 வரை நிற்கும். அவர் மக்கள் ஒருவர் கனடாவில், ஒருவர் ஜேர்மனியில், ஒருவர் எங்குளர் என அறியார். உரிமை எல்லோர்க்கும் பங்கு, கேட்டற்கு எவருமில்லை. நூலோ 300 படிகள் அச்சிடப்பெற்று, இரண்டு எஞ்சி, அவற்றுள் ஒன்று கறையான் அரித்தது. இத்தகைய நூலினால் எவர்க்கும் ஒரு சதமேனும் வருவதில்லை; மக்கோலே கூறிய வரி அறவிடப்படாமலே படிப்போர் தடுக்கப்படுகின்றனர்.

உரிமையாளர் காணப்படாத நூல்களுக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2012 இலும், பிரித்தானியா 2014 இலும் தனிவிதிகளை வகுத்தன. அத்தகைய விதியை எதிர்பார்த்திராது, வாழும் ஆசிரியர் தாமே செய்யத்தக்கது ஒன்றுண்டு. எம் கல்லூரி மலர்களிலே எழுதுவோர் தலைப்பின் கீழே ஒரு வரி சேர்த்தல் போதும்: ஆசிரியர் பெயரை நீக்காது இக்கட்டுரையை எவரும் படியெடுக்கலாம். பழைய மலர்களைப் பொறுத்தவரை, அவற்றில் எழுதிய பழைய மாணவர் பலர் இன்னும் உளர். அவர்தம் முகவரிகளும் பழைய மாணவர் சங்கத்தாரிடம் உள. இசைவுக் கடிதத்தில் ஒப்பம் பெறுதற்கு ஒரு தபாற்றலை மாத்திரமே செலவு.